மூன்று நிற மாத்திரையும் லேப் பாய் எழுதிய நேரமும்

லேப் பாய் போய்விட்டார்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம், மாடியில் ரத்த டெஸ்ட் லேப் வைத்திருந்த சலீம் பாய். இன்று காலை மார்பு வலி... ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

கம்பெனியில் டீ பிரேக்கில் வாட்ஸப்பைத் திறந்தால் இந்தச் செய்தி. பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தேன்.

எங்கள் அம்மா இன்று உயிரோடு இருக்கிறார் என்றால் அதற்கு இவர்தான் காரணம். இதை அவர் இருக்கும்போதே எழுதியிருக்கலாம். எழுதவில்லை... என் சோம்பேறித்தனம்.

மூன்று வருடம் முன்பு, நடவு சமயம். அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் வலி. ஒரு நாள் நடவுக் கூலிக்குப் போகவில்லை என்றால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். அதனால் மாத்திரை போட்டுக்கொண்டே சேற்றில் நின்றார்.

சுகாதார நிலையத்தில் கொடுத்த வெள்ளை மாத்திரை. மெடிக்கலில் “பல் வலிக்கு ஒரு செட் குடு” என்று கேட்டு, பொட்டலமாக வாங்கிய ஆரஞ்சு. போதாததற்கு, நான் கம்பெனி முதலுதவி ரூமில் வாங்கி வந்த நீலம்.

நிறம் வேறு என்றால் மருந்தும் வேறு. இதுதான் எங்கள் வீட்டு டாக்டர் படிப்பு! ஒன்று கேட்கவில்லை என்றால் இன்னொன்று... மூன்று நாள். வலியில் சோறும் இறங்கவில்லை.

நாலாம் நாள் வாந்தி. பார்த்தவர்கள் எல்லாம் மஞ்சள் காமாலை என்றார்கள். எங்கள் பக்கம் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. நேராக லேப், ரிப்போர்ட்டில் காமாலை என்று வந்தால் நேராக நாட்டு மருந்து. நடுவில் டாக்டர் வரவே மாட்டார். நானும் அப்படித்தான் லேப்புக்குக் கூட்டிப் போனேன்.

பாய்க்கு ஒரு பழக்கம். ஊசி குத்தும் முன் “டைம் இன்னா?” என்று கேட்பார். நாம் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கத் திரும்பும்போது ஊசி இறங்கியிருக்கும். நாம் சொன்ன நேரத்தை அப்படியே ரத்தம் பிடித்த டியூப் மேல் எழுதி வைப்பார்.

அன்று அம்மாவுக்கு நரம்பே சிக்கவில்லை. “நாத்து நட்ட கை... நரம்பு சேத்துலயே ஒளிஞ்சிக்கினு கீது” என்றார். அந்தக் களைப்பிலும் அம்மா சிரித்தார்.

ரிப்போர்ட் வந்ததும் எங்களை உள்ளே கூப்பிட்டார்.

“காமாலை பெருசா இல்ல. ஆனா ஈரல் டெஸ்டு எகிறிக்கினு கீது. இன்னா மாத்திர சாப்ட்டம்மா?”

“வலி மாத்திரதான் பாய்” என்று அம்மா சுருக்குப் பையைக் கவிழ்த்தார்.

பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையில் இருந்த பொடி எழுத்தைப் படித்தார். பொட்டலத்தில் இருந்ததற்கு மெடிக்கலுக்கே போன் போட்டுக் கேட்டார்.

“மூணுலயும் ஒரே மருந்தும்மா, பாராசிட்டமால். கலருதான் வேற. அளவு மீறிச்சுன்னா ஈரலுக்கே வெசம்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. “நீலம் நான் வாங்கியாந்தது பாய்...”

“அத்த அப்பால அழுவு. இப்ப டைம் சொல்லு. எது எது, எப்ப எப்ப, எத்தினி?”

அம்மா யோசித்து யோசித்துச் சொல்ல, ரிப்போர்ட்டின் பின்பக்கம் எல்லாவற்றையும் எழுதினார்.

நான் கழுத்துச் செயினைப் பிடித்துக்கொண்டு, பிரைவேட்டில் சேர்க்கிறேன் என்றேன். ஐ.சி.யு.வுக்கும் டெஸ்ட்டுக்குமே நிலத்தை அடமானம் வைத்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். தெரிந்தும் சொன்னேன். பயம்.

பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. “டெய்லி ரத்தம் எடுப்பாங்க, செயினு அதுக்கே கரைஞ்சிடும். அப்பால இன்னா பண்ணுவ? இத்த முறிக்கிற மாத்து மருந்து கீது. பெரிய ஜி.எச்.ல காசில்லாமயே ஏத்துவாங்க. நாட்டு மருந்துன்னு வழில எங்கனா நின்ன... தெரியும் சேதி!”

108-க்கு அவரே போன் செய்தார்.

ஜி.எச்.சில் சின்ன வயசு டாக்டரம்மா. எந்த மாத்திரை, எப்போது, எத்தனை என்று கேட்டார். அழுதுகொண்டே ரிப்போர்ட்டை நீட்டினேன். முன்னும் பின்னும் படித்தார்.

“யாரு எழுதினது இது?”

“எங்க ஊரு லேப் பாய் மேடம்.”

“ரத்தத்துல மருந்து எவ்ளோ இருக்குன்னு பாக்குற டெஸ்ட் வெளிய போய் வரணும். அதுக்காகக் காத்திருக்க வேணாம், இவர் எழுதினதே போதும்” என்று உடனே மாத்து மருந்தை டிரிப்ஸில் ஏற்றச் சொன்னார்.

அந்த ஒரு டெஸ்ட்டுக்கு மட்டும் காசு ஆனது. அதையும் பாய் தனக்குத் தெரிந்த பெரிய லேப்பில் சொல்லி, தன் கமிஷனைக் கழிக்கச் சொல்லிவிட்டார். நான் கேட்கக்கூட இல்லை.

தினமும் ஈரல் டெஸ்ட் ரிசல்ட்டை போட்டோ எடுத்து அவருக்கு அனுப்புவேன். ஒரே வார்த்தையில் பதில் வரும். “எறங்கல.” மறுநாளும் “எறங்கல.” அந்த இரண்டு நாள் நான் இருந்த இருப்பு யாருக்கும் வரக்கூடாது.

மூன்றாம் நாள், “எறங்குது.”

அப்புறம் ஒரு நாள், “சோறு போடு.”

வீடு திரும்பியதும் அம்மா ஒரு பை வேர்க்கடலையோடு அவரைப் பார்க்கப் போனார். பாய் பையை வாங்கவே இல்லை. “பல்லப் புடுங்குனியா?” என்றார்.

புடுங்கவில்லை.

“மொதல்ல போய்ப் புடுங்கு. அப்பால குடு கல்லய.” புடுங்கிக்கொண்டு வந்து காட்டிய பிறகுதான் வாங்கிக்கொண்டார்!

மதியம் அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். “எத்தினி மணிக்குடி?” என்றார்.

விசாரித்துச் சொன்னேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பேனாவை என் கையில் கொடுத்தார். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. காலண்டரில் இன்றைய தாளைக் காட்டி, “டைம் எழுது” என்றார்.

எழுதிவிட்டோம் பாய். காலை ஒன்பது இருபது.

போய் வாருங்கள்.