துடைக்கக் கூடாத கண்ணாடி

வடசென்னை விம்கோ நகரில் காலையில் எழுந்ததும் கை முதலில் தேடுவது துணியைத்தான். பைக் சீட், துணிக்கொடி, தண்ணீர்த் தொட்டி மூடி என்று எல்லாவற்றிலும் சுற்றியுள்ள கம்பெனிகளின் சாம்பல் படிந்திருக்கும். துடைத்துவிட்டுத்தான் மறுவேலை. அந்தக் கையால்தான் என் மகளின் ஆறு நாள் உழைப்பை அழித்தேன்.

அவள் ஆராய்ச்சி மாணவி. செவ்வாய்க் கிரகத்தின் காற்றில் மிதக்கும் தூசியை லேசரால் அளக்கும் கருவிதான் அவள் படிப்பு. ஒளியை மேலே அனுப்பினால், தூசியில் பட்டுச் சிதறிக் கொஞ்சம் திரும்பி வரும். வர எடுத்த நேரம் உயரத்தைச் சொல்லும். வந்த அளவு, தூசி எவ்வளவு என்று சொல்லும். ஆனால் கருவியின் கண்ணாடி மேலேயே தூசி படிந்தால் கணக்கு கெட்டுவிடும். அங்கே துடைக்க ஆளில்லை. படியப் படிய ஒளி எவ்வளவு குறைகிறது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதற்காக, கண்ணுக்குத் தீங்கில்லாத சிறிய லேசர் கொண்ட பெட்டி ஒன்றை எங்கள் மொட்டைமாடியில் வைத்தாள். பத்து நாள் யாரும் தொடக்கூடாது.

ஏழாம் நாள் விடியும்போது அவளுக்கு வீசிங் வந்தது. உதடு வெளுத்துவிட்டது. ஆட்டோவில் என் தோளில் சாய்ந்து அவள் மூச்சுக்குத் தவித்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, துணிமணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். மாடிக் கொடியிலிருந்த அவள் துண்டை எடுக்கும்போது அந்தக் கண்ணாடி கண்ணில் பட்டது. அதே சாம்பல்தான் அவள் நெஞ்சுக்குள்ளும் இருக்கிறது என்று தோன்றியது. அழுத்தித் துடைத்தேன்.

நான் ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போனபோது, பெட்டி அனுப்பும் அளவுகளின் வரைபடத்தைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நைனா, கண்ணாடிய தொடச்சியா?"

பையைக் கட்டிலடியில் வைத்தபடி தலையாட்டினேன்.

"மொதல்லேந்து பத்து நாள் வைக்கணும். அடுத்த மாசம் நான் புரொபசர்கிட்ட காட்டியாவணும்."

"வேற எடத்துல வையேன்மா."

"நம்ம மாடில பத்து நாள்ல படியறது, வேற எடத்துல மாசக்கணக்காவும்."

"சரி. நீ அம்மாவோட தாம்பரத்துல சித்தி வூட்டுல இரு. பொட்டிய நான் பாத்துக்கறேன்."

"நீயா? துணியோடவே பொறந்த ஆளு நீ!" சிரிக்கப் போய் இருமினாள்.

தினமும் ஏழு மணிக்கு முகக்கவசம் போட்டுக்கொண்டு மாடியேறினேன். கண்ணாடியைப் படமெடுத்து அனுப்புவேன். கை பரபரக்கும். துணியைக் கீழேயே விட்டுவிட்டுப் போகப் பழகினேன். தாம்பரத்திலிருந்து போன் வந்தால் முதலில் அவள் மூச்சு எப்படி இருக்கிறது என்றுதான் கேட்பேன்.

நான்காம் நாள் கீழ்வீட்டுப் பெண் ஈரத் துணியோடு வந்துவிட்டாள்.

"இன்னா சார், பொண்ணோட பொட்டி இவ்ளோ கலீஜா கீது, பாத்துகினு நிக்கிற? நவுரு, நான் தொடச்சி வுடறேன்."

குறுக்கே பாய்ந்தேன். "தொடாதம்மா! செவ்வாய் கிரகத்துல இப்படித்தான் படியுமாம்."

"அங்கியும் எவனாச்சும் கம்பெனி வச்சிகினானா?"

பதினொன்றாம் நாள் காலை மகள் வந்தாள். படியில் அவள் மூச்சு இரைகிறதா என்று மேலே நின்று கேட்டேன். நடுவில் ஒருமுறை நின்றாள். பிறகு ஏறி வந்தாள்.

"தொட்டியா?"

"இல்ல."

குனிந்து பார்த்தாள். போனில் எதையோ சரிபார்த்தாள். பிறகு பையிலிருந்து புதுத் துணி ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"தொடச்ச பெறவு கடைசி அளவு எடுக்கணும். நீயே தொடச்சிடு, நைனா."

"மொதல்ல நீ கீழ போ, சாம்பல் பறக்கும்," என்றேன்.

அவள் இறங்கிக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் கண்ணாடியில் கை வைத்தேன்.