வெறும் வயிற்றில் சிறுமலைப் பழம்

எட்டு வயதில் நான் ஒருமுறை சாகக் கிடந்தேன். டாக்டர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, எனக்கு மட்டும் சந்தேகமே இல்லை. தொண்டைச் சதையை வெட்டியெடுக்க என்னைத் திண்டுக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். கத்தி என்ற சொல் காதில் விழுந்ததுமே, என் பம்பரத்தை யாருக்கு விட்டுப்போவது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

எனக்கிருந்த ஒரே ஆறுதல் வார்டு நர்ஸ். சிஸ்டர் என்போம். கழுத்தடியில் கைவைத்துக் காய்ச்சல் பார்ப்பார். அந்தக் குளிர்ந்த கைக்காகவே பொய்யாக முனகுவேன். முதல்நாள் மாலையே, மயக்க மருந்து கொடுக்கப்போவதால் காலையில் தண்ணீர்கூடக் கூடாது என்று அத்தையிடம் கண்டிப்பாகச் சொல்லிப் போனார்.

அப்பாவின் அக்காவான அத்தைக்கு இது பொறுக்கவில்லை. சந்தைக்குப் போகிறவனையே வெறும் வயிற்றோடு அனுப்பாத வீடு எங்களுடையது. கத்திக்குப் போகிறவனை அனுப்புமா? விடிந்ததும் முந்தானைக்குள்ளிருந்து சிறுமலை வாழைப்பழம் வந்தது.

"வெரசாத் தின்னு அப்பு. தெம்பு வேணாமா? அவ கெடக்கா."

சாகப்போகிறவன் எதற்கு மிச்சம் வைக்க வேண்டும்? இன்னொன்றும் கேட்டு வாங்கித் தின்றேன்.

என்னை ஏற்றிப்போகத் தள்ளுவண்டியோடு சிஸ்டர் வந்தார். ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டார்.

"பச்சத்தண்ணி பல்லுல படலம்மா. பிள்ள மொகத்தப் பாரு, சுண்டிப்போச்சு!" என்றார் அத்தை.

மதுரையிலிருந்து வாரத்தில் ஒருநாள் மட்டும் வரும் பெரிய டாக்டர் உள்ளே காத்திருந்தார். சிஸ்டரோ வண்டியை நகர்த்தவில்லை. என் முகத்தருகே குனிந்தார். என் வாயை மோந்து பார்த்தார்.

"பழம் எப்பிடி இருந்துச்சு? இனிப்பா, புளிப்பா?"

"ரெண்டும்" என்றேன்.

அத்தை என் தொடையில் கிள்ளியது இன்றும் வலிக்கிறது. ஆபரேஷன் நின்றது. பெரிய டாக்டர் சத்தம் போட்டார், அத்தையை அல்ல, சிஸ்டரை. லீவு வீணான அப்பாவும் சேர்ந்துகொண்டார்.

"ஒரு பழத்துக்காகவா ஒரு வாரம் தள்ளுவீக?"

"மயக்கத்துல வாந்தி வந்தா மூச்சுக்குழல்ல போயிரும், சார். பிள்ள பொழைக்காது. அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க" என்றார் சிஸ்டர். குரல் நடுங்கியது, வண்டி மட்டும் நகரவில்லை.

எனக்கோ ஒரே மிதப்பு. என்னைக் கத்திக்குக் கொடுக்க மனமில்லாமல் சிஸ்டர் ஏதோ சாக்குச் சொல்லிக் காப்பாற்றிவிட்டதாகவே நம்பினேன். அம்புட்டுப் பயந்தவன், ஆஸ்பத்திரிக்கு எப்போ போவோம் என்று அந்த வாரம் முழுக்க வீட்டை நச்சரித்தேன்.

போனால், வேறு நர்ஸ். பழைய சிஸ்டரைப் பிரசவ வார்டுக்கு மாற்றிவிட்டார்களாம். கத்தியும் பட்டது, சாகவில்லை. கண்விழித்ததிலிருந்து வாசலையே பார்த்துக் கிடந்தேன். யார் யாரோ வந்தார்கள். கழுத்தில் வைத்த கைகளெல்லாம் வெறும் கைகளாகவே இருந்தன.

வீடு திரும்புகையில், குதிரைவண்டியில் ஏறும்போது பார்த்தேன். எதிர் வராந்தாவில் அதே சிஸ்டர் தட்டேந்திப் போய்க்கொண்டிருந்தார். சிஸ்டர் என்று கூவ வாயைத் திறந்தேன். திரும்பிப் பார்த்தவர் சிரிக்கவில்லை. விரலை உதட்டின்மேல் அழுத்தி, தலையை வேகமாக ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆறாத புண்ணோடு கத்தினால் ரத்தம் கசியும் என்று, வேறு வார்டுக்குப் போன பிறகும் என் தொண்டையைக் காவல் காத்த விரல் அது. எட்டு வயதுக்கு அது எப்படி விளங்கும்? என்னைப் பிடிக்காமல்தான் வாயை மூடச் சொன்னார் என்று, அதே தொண்டையால், வீடு வரைக்கும் ஓவென்று அழுதுகொண்டே போனேன்.