தட்டிப் பார்த்த கண்ணாடி

எங்கள் விருத்தாசலத்தில் பீங்கான் சாமான் எதுவானாலும் சூளையை விட்டு வந்ததும் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டித்தான் எடுத்து வைப்பார்கள். கணீரென்றால் நல்ல சரக்கு. டொக்கென்றால் உள்ளே விரிசல். அம்மா ஒரு பீங்கான் கம்பெனியில் ஃபியூஸ் கட்டைகளை இப்படித்தான் தரம் பிரிக்கிறாள். நான் செராமிக் டிப்ளமோ படித்தவள். எங்கள் வீட்டில் டீ கப்கூட தட்டு வாங்காமல் அலமாரி ஏறாது.

அந்தப் பழக்கம்தான் என்னைக் கவிழ்க்கப் பார்த்தது.

பல நாடுகள் சேர்ந்து ஒரு மாபெரும் தொலைநோக்கி கட்டுகின்றன. அதன் கண்ணாடி ஒரே துண்டல்ல. நூற்றுக்கணக்கான அறுகோணத் துண்டுகள். அவற்றில் ஒரு பங்கை மெருகேற்றித் தருவது இந்தியாவின் பொறுப்பு. வெயிலுக்கு விரியாத, குளிருக்குச் சுருங்காத கண்ணாடிப் பீங்கான் அது. மெருகேற்றும் கூடத்தில் வேலை கிடைத்ததும் நான் தலைகால் புரியாமல் திரிந்தேன். ஃபியூஸ் கட்டை ஊர்க்காரி நட்சத்திரம் பார்க்கும் கண்ணாடி செய்கிறாள் என்றால் சும்மாவா?

எங்கள் குழு முடித்த முதல் துண்டு, அனுப்புவதற்குத் தயாராக மேசையில் இருந்தது. கையுறைக்குள் இருந்த என் விரல் முட்டி, என்னைக் கேட்காமலே அதன் ஓரத்தில் ஒரு தட்டு தட்டிவிட்டது. தேவையில்லாமல் தொடக்கூடாது என்பது அங்கே முதல் நாள் பாடம். யாரும் பார்க்கவில்லை. பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்திருந்தால், கெட்டுப்போவது என் பெயர் மட்டுமா? நாட்டின் பெயர் அல்லவா? நானே போய்ச் சொன்னேன். கூடத்தின் தலைவருக்கு முகம் சுண்டிவிட்டது.

"சோதிச்சு முடிக்கிற வரைக்கும் ஊருக்குப் போயிருங்க. கீறல் இருந்தா உங்கள இந்த வேலையில வச்சுக்க முடியாதும்மா."

ரயில் விருத்தாசலத்தை நெருங்கும்போதும் அழுதுகொண்டுதான் இருந்தேன். விஷயத்தைச் சொன்னதும், அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள்.

"தட்டுனியா? சத்தம் எப்படி இருந்துச்சி?"

கூடத்தில் அத்தனை பேர் என்னைத் துருவித் துருவிக் கேட்டார்கள். இதை ஒருவர்கூடக் கேட்கவில்லை.

"கணீர்னுதாம்மா இருந்துச்சி."

"அப்புறம் எதுக்குடி அழுவுற? போயி மூஞ்சி கழுவு."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. உலக நாடுகள் சேர்ந்து செய்கிற சமாசாரமும் ஃபியூஸ் கட்டையும் ஒன்றா? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் தலைவரே போன் செய்தார்.

"கீறல் எதுவும் இல்லம்மா, அனுப்புறோம். நீங்களே வந்து சொன்னீங்க பாருங்க, அதுக்காகத்தான் திரும்பக் கூப்பிடுறேன். கைய மட்டும் கட்டிக்கிட்டு வாங்க."

கிளம்பும் முன் அம்மாவிடம் சொல்லிக்கொள்ள அவள் கம்பெனிக்குப் போனேன். கூட வேலை செய்யும் பெண்களிடம் அவள் அளந்துகொண்டிருந்தது வாசலிலேயே கேட்டது.

"நட்சத்திரம் பாக்குற கண்ணாடி, நம்ம நாட்டுலேருந்து போவுது. எம் பொண்ணு தட்டிப் பாத்து நல்லாருக்குன்னு சொன்னப்புறந்தான் அனுப்புறாங்க!"

மறுக்க வாயெடுத்தேன். யோசித்துப் பார்த்தால், அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.