கட்டைவிரல்களும் எங்கள் தெரு வடிகாலும்

எங்கள் திருமுல்லைவாயில் அடுக்ககத்தில் படிக்காதவர் ஒருவர்கூட இல்லை. இதைச் சங்கத் தலைவரே பொங்கல் விழாவில் மைக் பிடித்துச் சொன்னார். எங்கோ ஒரு வெளிநாட்டு வங்கியின் இணையதளத்தில் பொத்தான் நிறம் மாறினால் தூக்கத்திலிருந்து எழுந்து உட்காரும் ஆட்கள். வாசலில் மாநகராட்சி கட்டிக்கொண்டிருந்த மழைநீர் வடிகால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று எட்டிப் பார்க்க மட்டும் நேரமில்லை.

நான் பார்த்தேன். சிவில் படித்தவள், தவிர, தரைத்தளத்தில் குடியிருப்பது நானும் அப்பா அம்மாவும்தான். போன மழையில் தண்ணீர் கட்டில்வரை வந்தது. வடிகால் கால்வாயை நோக்கி இறங்கவேண்டும். இது எங்கள் கேட்டை நோக்கி இறங்கியது. பக்கத்துப் பழைய ஊர்த் தெருவிலும் அதே கோளாறு. சிலாப் போட்டு மூடிவிட்டால் பிறகு யாரும் உடைக்கமாட்டார்கள். நல்லவேளையாக, அதற்குள் கவுன்சிலர் வார்டு மக்களைக் கூட்டிக் குறை கேட்கும் பகுதி சபைக் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது.

அடுக்கக வாட்ஸ்அப் குழுவில் எண் போட்டு எழுதினேன். ஒன்று, கோளாறு என்ன. இரண்டு, எதற்குள் சரிசெய்யவேண்டும். மூன்று, கூட்டம் எங்கே. நான்கு, வீட்டுக்கு ஒருவராவது வாருங்கள். கட்டைவிரல்கள் குவிந்தன. ஒருவர் உடனே வாக்கெடுப்பே வைத்தார்: கூட்டத்துக்குப் போகலாமா, வேண்டாமா? போகலாம் என்று ஏகமனதான முடிவு. குடிமக்கள் பங்கெடுத்தால் ஆட்சி திருந்தும் என்று பள்ளியில் கட்டுரை எழுதி மார்க் வாங்கியவர்கள்தான் எல்லாரும். விரலால் பங்கெடுத்தால் போதும் என்று எந்த வகுப்பில் படித்தார்களோ.

சமுதாயக் கூடத்துக்கு நான் மட்டும் போனேன். ஊர்த் தெருவிலிருந்து பாதிப் பேர் வந்திருந்தார்கள். அந்தத் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா, அம்மாம் பெரிய ஃபிளாட்டு, நீ ஒருத்திதான் கீறியா? மத்தவங்கல்லாம் லிஃப்ட்டுல மாட்டிக்கினாங்களா?"

கூடம் சிரித்தது.

கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயைக் கொண்டுபோயிருந்தேன். கவுன்சிலரோடும் வடிகால் கட்டும் ஒப்பந்ததாரரோடும் எல்லாரும் ஊர்த் தெருவுக்கு நடந்தோம். ஒரு முனையை அக்கா பிடித்தார். மறுமுனையை நான் கால்வாய்ப் பக்கம் பிடித்தேன். இரண்டு முனையிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அங்கிருந்து வடிகாலின் அடிவரை அளந்தால் மேடு எது என்று தெரிந்துவிடும். கால்வாய்ப் பக்கம்தான் மேடு.

"யோவ், தண்ணி ஊட்டுக்குள்ள வர்றதுக்கா காவா கட்னே?" என்று அக்கா ஒப்பந்ததாரரைப் பிடித்துக்கொண்டார். தெருவே சேர்ந்துகொண்டது. உடைத்துக் கட்டத் தீர்மானம் எழுதினார்கள்.

"எங்க தெருவும் இதேதான் சார்" என்றேன்.

"ஒங்க தெருவுல வேற யாரும் வந்து சொல்லலியேம்மா," என்றார் கவுன்சிலர். "ஒருத்தருக்காக எப்படி ஒடைக்கிறது? அடுத்த சபையில பாக்கலாம்."

அடுத்த சபைக்கு முன் எங்கள் வடிகால்மேல் சிலாப் விழுந்தது, மழையும் விழுந்தது. வடிகாலை உடைத்துக் கட்டிய ஊர்த் தெருவில் தையல் கடையும் மாவுக் கடையும் வழக்கம்போலத் திறந்திருந்தன. நான் வீட்டுக்குள் பக்கெட்டால் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் மாடிக்காரர் படியில் நின்று பேண்ட்டை மடித்துவிட்டபடி சொன்னார்:

"ஊர்த் தெருவுல எல்லாம் படிக்காத கும்பலுங்க. இவங்க ஓட்டுல ஜெயிச்சவங்க கையில நிர்வாகத்தக் குடுத்தா இப்படித்தான்."

துடைப்பத்தோடு அம்மா நிமிர்ந்தாள். "ஆமா தம்பி. அந்தப் படிக்காத கும்பலோட தெரு காஞ்சு கெடக்கு. ஷூ நனையாம அந்தப் பக்கமாப் போங்க."

அவர் அந்தப் பக்கமாகத்தான் போனார்.