ஆறு உருளைகள், ஒரு கொழுந்தன்

என் கொழுந்தனை ஊரில் எல்லோரும் மெக்கானிக் என்றுதான் கூப்பிட்டார்கள். அவன் கை வைத்த எதுவும் அதற்குப் பிறகு ஒழுங்காக ஓடி நான் பார்த்ததில்லை. வயலில் ஆயில் என்ஜின் ஓட்டுவான், அடுத்தவர் கிணற்றுக்கும் அதை வாடகைக்கு இழுத்துக்கொண்டு போவான். சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்பேனர் துருத்திக்கொண்டிருக்கும். அந்த ஸ்பேனர்தான் அவன் வாங்கிய பட்டம். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற ஆசையும் இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருச்சுழிக்குப் பக்கத்து ஊர் ஒன்றுக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். ஆசிரியர் பயிற்சி முடித்த பெண், நினைத்த நேரத்துக்கு பஸ் கிடைக்காத ஊர் என்பதால், என் அப்பா சீரோடு சீராக ஒரு கியர் இல்லாத ஸ்கூட்டரையும் வாங்கித் தந்தார். சீராக வந்த பீரோவை மருமகள் துடைக்கலாம், சாவி மட்டும் மாமியார் இடுப்பில் இருக்கும். அதுதான் அங்கே வழக்கம். ஸ்கூட்டருக்கும் அதே சட்டம் வந்தது. பகலில் எனக்கு, சாயங்காலம் கொழுந்தனுக்கு. இதை யார் எப்போது முடிவு செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் யாரும் கேட்கவில்லை.

எனக்கு வேலை கிடைத்தது நரிக்குடிப் பக்கத்தில், அரசு உதவி பெறும் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில். வேலை என்றால் பாதி வேலை. கல்வி அதிகாரி வந்து, வகுப்பில் நான் பாடம் நடத்துவதைப் பார்த்து ஒப்புதல் தந்தால்தான் அது நிலைக்கும். பள்ளித் தாளாளருக்கு ஒரு தம்பி மகள் இருந்தாள். அவளும் பயிற்சி முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தாள். மணி அடிக்கும் நேரத்தில் தாளாளர் கேட்டிலேயே நிற்பார். நான் தாமதமாகப் போனால் திட்டமாட்டார், சிரிப்பார். என் இடத்தில் தம்பி மகளை வைத்துப் பார்க்கிற சிரிப்பு அது.

எங்கள் ஊரிலிருந்து வெளியே போக வேண்டுமானால் கண்மாய்க் கரை மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்க வேண்டும். சரளைக் கல் பெயர்ந்த, நெட்டுக்குத்தான ஏற்றம். அடியில் ஒரு டீக்கடை. ஊரில் வேலைவெட்டி இல்லாதவர்கள் எல்லாம் அங்கேதான் இருப்பார்கள், யார் ஏறுகிறார்கள், யார் விழுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு.

அந்த ஸ்கூட்டரில் கியர் மாற்றுகிற வேலையை ஒரு பெல்ட் செய்தது. இடது பக்க மூடிக்குள், முன்னும் பின்னுமாக இரண்டு கப்பிச் சக்கரங்களுக்கு இடையே அது ஓடும். அந்த முன் கப்பிக்குள் கட்டைவிரல் நுனி அளவில் ஆறு உருளைகள். என்ஜின் வேகமெடுத்தால் அவை வெளிப்பக்கம் வீசப்பட்டு, சக்கரத்தை நெருக்கி, பெல்ட்டை மேலே ஏற்றும். பெல்ட் மேலே இருந்தால் ஓட்டம், கீழே இருந்தால் இழுவை. உருளை எடை குறைவாக இருந்தால் பெல்ட் நிதானமாக ஏறும், ஏற்றத்தில் வண்டி மூச்சுப் பிடித்து இழுக்கும். எடை கூடினால் சீக்கிரமே மேலே போய்விடும், சமதளத்தில் என்ஜின் அலுங்காமல் ஓடும், ஆனால் கரையைக் கண்டால் படுத்துக்கொள்ளும். மெக்கானிக்குகள் அந்த உருளைகளை ‘வெயிட்டு’ என்பார்கள். எனக்குக் கரை ஏற இழுவை வேண்டும். என் கொழுந்தனுக்கு அருப்புக்கோட்டை ரோட்டில் பஸ்ஸை முந்துகிற ஓட்டம் வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை வண்டி பாதிக் கரையில் நின்றது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கித் தள்ளினேன். டீக்கடையில் ஒருவன், “டீச்சரம்மா வண்டிக்குப் பாடம் எடுக்குறாக டோய்” என்றான். வீட்டுக்கு வந்து கொழுந்தனைக் கேட்டேன்.

“தம்பி, வண்டியில என்ன செஞ்ச?”

“வெயிட்டு மாத்திருக்கேன் மதினி. இப்பத்தான் வண்டி வண்டி மாதிரி ஓடுது. நீங்க ஓட்டுற லட்சணத்துக்கு எது போட்டாலும் ஏறாது.”

“வண்டி எங்க அப்பா வாங்கிக் குடுத்தது.”

“எங்க அண்ணனுக்குத்தான் வாங்கிக் குடுத்தாக.”

அண்ணன் என்ற மனிதர், அதாவது என் வீட்டுக்காரர், அருப்புக்கோட்டையில் ஒரு மில்லில் ஷிப்டு வேலை பார்த்தார். பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருவார். என்ன நடந்தாலும் “சின்னப் பைய, விடு” என்பார். அந்தச் சின்னப் பையனுக்கும் எனக்கும் ஒரே வயது.

டவுனுக்குப் போய் ஒரு மெக்கானிக்கிடம் எடை குறைந்த உருளைகளை மாட்டச் சொன்னேன். மாட்டினான். கொழுந்தன் அவனிடமே போய் எடை கூடியதை மாட்டச் சொன்னான். அதையும் மாட்டினான். இரண்டு பேரிடமும் கூலி வாங்கிக்கொண்டு, இரண்டு பேரிடமும் “நீங்க சொல்றதுதான் சரி” என்று சொல்லி அனுப்பினான். அவனை நம்பினால் உருப்பட முடியாது என்று நானே அவன் பக்கத்தில் நின்று பார்த்துப் படித்துக்கொண்டேன். சமையலறையில் கரண்டி இருந்த இடத்தில் எனக்கென்று ஒரு ஸ்பேனர் வந்து சேர்ந்தது.

அதன் பிறகு வீட்டில் நடந்தது சண்டைதான், வேறு பெயர் இல்லை. காலையில் நான் மாட்டுவேன், சாயங்காலம் அவன் கழற்றுவான். என் உருளைகளைச் சீரக டப்பாவில் ஒளித்தேன், கண்டுபிடித்தான். அவனுடையதை எடுத்து எருக்குழியில் வீசினேன், குச்சியால் கிளறி எடுத்துக் கழுவிக்கொண்டான். நாங்கள் இருவரும் நேருக்கு நேர் பேசுவதை நிறுத்தினோம். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அத்தையைப் பார்த்துச் சொல்வோம். அத்தை ஆட்டுக்குக் குழை போட்டுக்கொண்டே, “ஆறு இரும்பு உருண்டைக்கு இம்புட்டு அடிச்சுக்கிறீகளே, ரெண்டு பேத்துக்கும் மூளை இருக்கா” என்பார். ஆனால் பேச்சு முடிவில் எப்போதும் மகன் பக்கம் ஒரு சொல் கூடுதலாக விழும். “அவன் ஆம்பளப் பிள்ள, நாலு எடத்துக்குப் போய் வரணும்ல.” நான் போகிற ஓர் இடம் அந்த வீட்டில் யார் கணக்கிலும் இல்லை.

அதிகாரி வருகிற நாள் தெரிந்தது. காலை வழிபாட்டு மணிக்கே வருகிறாராம், முதல் வகுப்பைப் பார்த்துவிட்டு வீரசோழன் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டுமாம். முந்தின நாள் தாளாளர் என்னைக் கூப்பிட்டு, “நாளைக்கு நீங்க கிளாஸ்ல இருக்கணும் டீச்சர். இல்லேன்னா அப்புறம் என்னையச் சொல்லப்படாது” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அத்தையைப் பார்த்து, கொழுந்தன் காதில் விழும்படி சொன்னேன்: “நாளைக்கு மட்டும் யாரும் வண்டியத் தொட வேண்டாம். நாளைக்கு நான் நேரத்துக்குப் போகலைன்னா என் வேலை போயிரும்.” அவன் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தான். வண்டியில் என் உருளைகள்தான் இருந்தன. அன்று சாயங்காலம் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் வண்டி முதல் உதையிலேயே கிளம்பியது. தெருவில் போகும்போதே ஏதோ சரியில்லை. ஆக்சிலேட்டரைத் திருகினால் என்ஜின் முனகியதே தவிர வேகம் வரவில்லை. இழுவையே இல்லாமல், நேராக மேல் கியரில் கிளப்பிய மாதிரி உடம்பை உலுக்கிக்கொண்டு நகர்ந்தது. கரையடிக்கு வந்து முறுக்கினேன். இரண்டு ஆள் உயரம்கூட ஏறவில்லை, நின்றுவிட்டது. மறுபடி முறுக்கினேன். இடது பக்க மூடியிலிருந்து புகை வந்தது. வெறும் ரப்பர் கருகுகிற வாசனை இல்லை. கோயிலில் தூபம் போடுகிற வாசனை, கமகமவென்று.

டீக்கடை எழுந்து நின்றது. “வண்டிக்குச் சாமி வந்துருச்சு டோய்! டீச்சரு, திருநீறு போடுங்க!” விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தக் கூட்டத்தில் டீ கிளாஸோடு என் கொழுந்தனும் இருந்தான். அவன் சிரிக்கவில்லை. அதை அப்போது நான் கவனித்தும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து அங்கேயே மூடியைக் கழற்றினேன். பெல்ட்டின் மேலும், சக்கரத்தின் மேலும், உள்ளே உருளைகள் வரைக்கும் தேன் நிறத்தில் பிசின் உருகி இறுகியிருந்தது. குங்கிலியம். பம்புசெட் பெல்ட் வழுக்கினால் எங்கள் பக்கத்தில் குங்கிலியத்தைப் பொடித்து அதன் மேல் தூவுவார்கள். பெல்ட் பிடித்துக்கொண்டு ஓடும், தண்ணீர் கொட்டும். பம்புசெட் பெல்ட்டுக்கு ஒரே இடத்தில் ஓடுவதுதான் வேலை. என் வண்டியின் பெல்ட்டுக்கு வழுக்கி ஏறி வழுக்கி இறங்குவதுதான் வேலை. யாரோ குங்கிலியத்தைப் போட்டு ஓட்டியும் பார்த்திருக்கிறார்கள். சூட்டில் இளகி, பெல்ட் மேலே போன இடத்திலேயே ஒட்டி, விடிவதற்குள் கல்லாகிவிட்டது. அந்த யாரோ யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

“கெடுத்துட்டேல்ல?” என்று கத்தினேன். பல மாதம் கழித்து அவன் முகத்தைப் பார்த்துப் பேசிய முதல் சொல் அது. “நல்லா இருப்பியா நீ?”

அவன் வாயைத் திறந்தான். நான் கேட்க நிற்கவில்லை. வண்டியைக் கரையிலேயே சாய்த்துப் போட்டுவிட்டு மேலே ஏறி ஓடினேன். அந்தப் பக்கம் சந்தைக்கு ஆடு ஏற்றிப் போன வேன் ஒன்றை மறித்து, ஆடுகளுக்கு நடுவில் நின்றுகொண்டு போனேன்.

பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது வழிபாடு முடிந்திருந்தது. என் வகுப்பு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அதிகாரி பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கரும்பலகை முன்னால் தாளாளரின் தம்பி மகள் நின்று, நான் சொல்லிக்கொடுத்த பாட்டை என் பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் அருமையாகப் பாடினார்கள். தாளாளர் வெளியே வந்து, கிரீஸும் பிசினும் ஒட்டிய என் கைகளைப் பார்த்தார். “உள்ள வந்துறாதீக டீச்சர். ஆபீசர் அவளத்தான் டீச்சர்னு எழுதிக்கிட்டாரு” என்றார். அன்று அவர் சிரிக்கவில்லை, சிரிக்க வேண்டிய அவசியம் தீர்ந்துவிட்டது.

நடந்தே வீடு திரும்பினேன். வருகிற வழியெல்லாம் அவனை என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று சேர்த்துக்கொண்டே வந்தேன். வாசலில் அத்தை நின்றார்.

“ஏத்தா, அவனத் திட்டாத. நீ தூங்கினப்பொறம் எந்திரிச்சு அவன்தான் போட்டான். மதினிக்கு நாளைக்கு வேலை விசயம், பெல்ட்டு வழுக்கிரப்படாது, கரையில நின்னுரப்படாதுன்னு சொல்லித்தான் போட்டான். நான்தான் பரண்ல இருந்து குங்கிலியத்த எடுத்துக் குடுத்தேன்.”

வஞ்சகத்தில் செய்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வஞ்சகத்தைத் திட்டலாம், சாபம் விடலாம், ஊரைக் கூட்டலாம். வழியெல்லாம் சேர்த்த சொல்லில் ஒன்றுகூட இதற்குப் பயன்படவில்லை. அந்த வீட்டில் எனக்கு யாராவது ஓர் உதவி செய்தார்கள் என்றால் அது அந்த ஒன்றுதான். அதற்காகவே அவனை இன்னும் கூடுதலாக வெறுத்தேன்.

கொழுந்தன் முற்றத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். கரையிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, எல்லாவற்றையும் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, புது பெல்ட் போட்டு மாட்டி முடித்திருந்தான். நகக்கண்ணெல்லாம் பிசின். என்னைப் பார்த்ததும் எழுந்து சாவியை நீட்டினான். முதல்முறையாக அவன் கையிலிருந்து என் கைக்கு அந்தச் சாவி வந்தது.

“மதினி, கரையில நாலு தரம் ஏத்தி எறக்கிப் பாத்துட்டேன். இப்ப நல்லா ஏறுது. இனிமே நான் வண்டியத் தொடமாட்டேன். உங்களுக்கு மட்டுந்தான்.”

“சரி தம்பி,” என்றேன். “ஏறி எங்க போக?”