தேத்தண்ணிக்கடைக்குள் இரண்டு பெண்கள்

அந்த நாளில் கொழும்புக் கொட்டாஞ்சேனையில் தேத்தண்ணிக்கடைக்குள் பெண்கள் நுழைவதில்லை. நுழைந்தால் மானம் போய்விடும். வெள்ளைக்காரன் ஆட்சிதான் நடந்தது. ஆனால் வேலையில்லாதவர்களின் கோபம் அவன்மேல் பாயவில்லை, எங்கள் தெருமுனையில் கடை வைத்திருந்த மலையாளத்துக்காரர்மேல் பாய்ந்தது. கடைவாசலில் நாலு வாலிபர்கள் நோட்டீஸோடு நின்று, "ஐயா, இது அந்நியன் கடை, இங்கே குடிக்காதீர்கள்" என்று வருகிற ஆண்களையெல்லாம் கும்பிட்டு மறித்தார்கள். கொச்சியின் பேரைச் சுமக்கிற கொச்சிக்கடைப் பகுதிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கொச்சிக்காரனைத் துரத்துகிறார்களாம்! அப்படியென்றால் சம்பலுக்கு மிளகாயும், அதுதான் நாங்கள் சொல்கிற கொச்சிக்காயும், போடாமல் விடவேண்டியதுதானே.

இப்போது வாய் நீளுகிறது. அன்று நான் வாயே திறக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். "டீச்சர், உங்களைச் சொல்லவில்லை, நீங்கள் எங்கள் நாட்டு ஆள்" என்று அவர்களில் ஒருவன் சிங்களத்தில் மிக மரியாதையாகச் சொன்னான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது! அதை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

நாலாம் நாள் கடைக்காரர் என் வீட்டுப் படலையில் வந்து நின்றார்.

"டீச்சரே, பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு வேணுமோ? சும்மா எடுத்துக்கலாம். வெள்ளிக்கிழமை ரயில்ல ஞான் ஊருக்குப் போகுன்னு. பதினஞ்சு வருஷமா நடத்தின கடை, இப்ப ஒருத்தரும் உள்ள வர்றதில்ல."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பக்கத்து வீட்டுச் சிங்களத் தையற்காரி மதிலுக்கு மேலால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். அவர் போனதும், "யமு, வாங்க போவம் டீச்சர், நாம போய்க் குடிப்பம்" என்றாள்.

"உமக்கென்ன விசரே? பொம்பிளையள் அங்க போறதோ?"

"அதுதானே! அவங்களுக்கு ஆம்பிளைக்குச் சொல்ல மட்டும்தான் தெரியும்."

போனோம். வாலிபர்கள் கும்பிடக் கையெடுத்தார்கள். வருவது பெண்கள் என்று கண்டதும் திருதிருவென்று விழித்தார்கள். பெண்களை எப்படி மறிப்பது? பேசாமல் விலகினார்கள். எங்களைவிடக் கடைக்காரர்தான் பதறிப்போனார். "அய்யோ, இங்கேயோ?" என்று தோள்துண்டால் பெஞ்சை மூன்று தரம் துடைத்தார். தேத்தண்ணியில் அத்தனை சீனி! கருப்பட்டிப்பாணி மாதிரி இருந்தது. தெருவே பார்த்துக்கொண்டு நிற்க, குடித்தோம். நாலு நாளாகப் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு கடையைக் கடந்துபோன புதுக்கடைக் கோர்ட்டுக் கிளாக்கர் ஒருவர், செருமிக்கொண்டு உள்ளே வந்து மூலையில் உட்கார்ந்தார். பிறகு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள்.

எழும்பும்போது பெரிய காரியம் ஒன்றைச் செய்து முடித்துவிட்ட நினைப்பு எனக்கு. கடைக்காரர் கிளாஸை எடுத்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

"நாளைக்கும் வருவீங்களோ?"

நாளைக்கா? அதை நான் யோசிக்கவேயில்லை. தையற்காரி என் முகத்தைப் பார்த்தாள்.

"ஓம், வருவம். சீனியை மட்டும் கொஞ்சம் குறையுங்கோ" என்றேன்.

வெள்ளிக்கிழமை அவர் எங்கும் போகவில்லை. சீனியும் குறையவில்லை.