சூப்பில் ஏறிய எடை

ஆவி பறக்கும் சூப்பை ஸ்பூனோடு தராசில் ஏற்றிவிட்டு, முத்திரையம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு எண்ணைப் பார்க்கிறார். தினமும் இதே கூத்துதான். எதிரே கணவர் கைகட்டி நிற்கிறார். பஸ் ஓட்டுகிற மனிதர். சாலையில் எந்த லாரிக்கும் வழிவிடாதவர், இந்த மேசைக்கு முன்னால் மட்டும் லைசென்ஸை வீட்டில் மறந்துவிட்டு வந்தவர்போல முழிப்பார்.

அம்மா எடை அளவுத் துறையில் ஆய்வாளர். சரியான எடைக்கல்லின் அடியில் முத்திரை குத்துகிற வேலை என்பதால் கடைக்காரர்கள் வைத்த பெயர் அது. கல்லைக் கையில் வாங்கியதுமே, “அடியில சுரண்டியிருக்கே, யாரை ஏமாத்தப் பாக்குற?” என்பார். சுரண்டித்தான் இருக்கும். வீட்டிலும் அதே கண். கணவர் ஆசையாகப் பூ வாங்கி வந்தால்கூட, “என்ன தப்பு பண்ணினீங்க?” என்றுதான் முதல் கேள்வி.

கல்லைத் தொட்டதுமே திருட்டைக் கண்டுபிடித்த அந்தக் கையைத்தான் நோய் பிடித்தது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். நரம்பின் மேலுறையை உடம்பே எதிரியென்று எண்ணி அரித்துவிடுமாம். உடம்புக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டால் யார் என்ன செய்ய முடியும்? விரல்கள் மரத்துப்போயின. கல் எது, காகிதம் எது என்று கைக்குத் தெரியவில்லை.

நோய் என்றால் ஊரே வைத்தியர். பாலை விடு என்றார் ஒருவர், கோதுமையை விடு என்றார் இன்னொருவர். “எல்லாத்தையும் விட்டா, கடைசியில உயிரைத்தான் விடணும்” என்று வழியனுப்பி வைத்தார் அம்மா. டாக்டரம்மா சொன்னது மட்டும் பிடித்தது: “இதைக் குணமாக்குற சாப்பாடுன்னு எதுவும் கிடையாது. ஊசி மருந்தை விடாதீங்க. காய், பழம், மீன், பருப்புன்னு எல்லாம் கலந்து நல்லா சாப்பிடுங்க. இளைச்சிடாதீங்க.” அளந்து பேசுகிறவர்களிடம் முத்திரையம்மாவுக்கு எப்போதுமே மரியாதை உண்டு.

வினை நாத்தனார் உருவத்தில் வந்தது, ஒரு டப்பா பச்சைப் பொடியோடு. “ஊசியை நிறுத்திட்டு இதைக் குடுடா தம்பி, ஓடியாடித் திரிவா பாரு.” மறுநாள் டப்பாவைக் காணோம். அம்மா, கணவர் வைத்துத் தரும் சூப்பைத் தராசில் ஏற்ற ஆரம்பித்தார். சில நாளில் எடை ஏறியது. கிண்ணத்தில் வழக்கமான கோடுவரைதான் சூப். கிண்ணமும் ஸ்பூனும் சேர்ந்த வெறும் எடை அம்மாவுக்கு மனப்பாடம். அதைக் கழித்தாலும் கூடுதலாக நிற்கிறது. உள்ளே ஏதோ கரைந்திருக்கிறது! இன்றைக்குப் பொடி, நாளைக்குத் தான் போட்டுவிடுகிற ஊசியில் கணவர் வெறும் தண்ணீரை ஏற்றமாட்டார் என்று என்ன நிச்சயம்?

அன்றிலிருந்து தினமும் எடையைப் பார்த்ததுமே கிண்ணத்தைத் தள்ளிவிடுவார். சாப்பிடுவது தானே உரித்த வாழைப்பழமும் அவித்த முட்டையும் மட்டும். “தோலுக்குள்ள கலப்படம் பண்ண முடியாதுல்ல?” சட்டை தொளதொளவென்று தொங்கியது. இன்னும் இளைத்தால் ஆஸ்பத்திரியில்தான் படுக்க வேண்டும் என்று டாக்டரம்மா எச்சரித்துவிட்டார்.

இன்றைக்குப் பொறுமை போய்விட்டது. “நீங்களே குடிங்க, பாப்போம்.”

கணவர் மறுபேச்சில்லாமல் கிண்ணத்திலிருந்து ஸ்பூனை எடுத்தார். தராசில் எண் மளமளவென்று இறங்கியது. ஒரு ஸ்பூனுக்கு இவ்வளவா?

“கிண்ணத்தை எடுங்க. ஸ்பூனை மட்டும் வைங்க.”

வைத்தார். கூடுதல் எடை முழுக்க அந்த ஸ்பூனில்தான் இருந்தது. ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு காடெல்லாம் தேடிய கதைதான். ‘சரக்கைப் பாக்குறதுக்கு முன்னாடி தராசுத் தட்டைப் பாரு’ என்று கடைக்கடையாகச் சொன்னவர், தன் வீட்டு ஸ்பூனை மறுபடி நிறுத்துப் பார்க்கவேயில்லை.

“எப்ப மாத்தினீங்க?”

“உனக்குக் கை ஆடுதும்மா. சட்டையில சிந்தினா பாதியிலயே எழுந்துடுற. ஸ்பூன் கனமா இருந்தா ஆட்டம் கொஞ்சம் அடங்கலாம்னு, கைப்பயிற்சி குடுக்குற பொண்ணு சொல்லுச்சு. பழசு மாதிரியே தேடி வாங்கினேன்.”

“சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா, என் கை எங்க ஆடுதுன்னு சண்டைக்கு வருவே.”

“அந்தப் பொடி?”

“அன்னைக்கே குப்பையில கொட்டிட்டேன். அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதே.”

முத்திரையம்மாவுக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஸ்பூனைத் துடைத்துத் திருப்பி, காம்பின் அடியில், நல்ல எடைக்கல்லுக்கு முத்திரை குத்துகிற இடத்தில், மரத்துப்போன கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.